அன்று விமானம் ஏன் பறக்கவில்லை

போன மாதம் நிவேதிதாவிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. நான் ஓய்வு பெற்றபோது விட்டுவிட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

"மேடம், பழைய கோப்பெல்லாம் எடுத்துப் பார்த்துட்டிருக்கோம். ரெண்டாவது வருஷம் கடைசி வாரத்துல ஒரு ஃப்ளைட்டுக்கு நேரா 'வானிலை காரணமாக ரத்து'ன்னு ஒரே ஒரு வரிதான் இருக்கு. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இங்க ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க. நீங்களே எழுதிக் கொடுத்தா நல்லா இருக்கும்."

அவர்கள் வரும் கோடையில் மறுபடியும் வங்காள விரிகுடாவுக்குப் போகிறார்கள். புது விமானம், புதுக் கருவிகள். தூசி எங்கே போகும் என்று கணினி சில நிமிடங்களில் படம் வரைந்து கொடுத்துவிடுகிறதாம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. எங்கள் காலத்தில் அந்தப் படத்துக்கு அரை நாள் காத்திருப்போம். வந்த பிறகும் அதோடு சண்டை போடுவோம்.

என் பெயர் எஸ்தர். சேலையூரில் வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் பள்ளி ஆசிரியர்கள். தாம்பரத்தில் இயற்பியல் படித்தேன். பிறகு வானிலைத் துறையில் வேலை கிடைத்தது. முதல் சில வருடங்கள் பலூன் விடுவதிலும், வரைபடத்தில் காற்றின் திசையைக் கையால் குறிப்பதிலும் போயின. அதற்குப் பிறகு பல வருடங்கள் விமான ஓட்டிகளுக்கு வானிலை சொல்லும் வேலை. திருமணமாகி செம்பாக்கத்துக்கு வந்தேன். ஓய்வு பெற ஏழெட்டு வருடங்கள் இருந்தபோதுதான் இந்தத் தூசி ஆராய்ச்சித் திட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள்.

"தூசியா? அதைத் தேடி கடலுக்கு வேற போறீங்களா? நம்ம கேம்ப் ரோட்ல வந்து நின்னா போதுமே" என்று என் கணவர் வில்சன் சிரித்தார்.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். கோடையில் ராஜஸ்தான் பக்கத்துப் பாலைவனத்திலிருந்து கிளம்பும் புழுதி, வட இந்தியா முழுவதையும் தாண்டி வங்காள விரிகுடாவின் மேல் வந்து மிதக்கும். இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில், கடலுக்குக் கூரை போட்டதுபோல. அது வெயிலைத் தடுக்கிறது, காற்றைச் சூடாக்குகிறது, மேகம் உருவாவதையும் மழையையும் மாற்றுகிறது. எவ்வளவு மாற்றுகிறது என்பதுதான் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி, விமானம் அந்தத் தூசிக்குள் புகுந்து அளக்க வேண்டும். அதே நேரத்தில், அதற்கு நேர் கீழே கப்பல் நின்று மேல்நோக்கி அளக்க வேண்டும்.

இந்த இரண்டையும் ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் வேலை. கப்பல் போகும் வேகம் ஓர் ஆள் சைக்கிள் மிதிக்கும் வேகம்தான். இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால்தான் போய்ச் சேரும். விமானம் போக வேண்டிய பாதையை முந்தின நாள் மாலைக்குள் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். தூசி யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அது எப்போது வரும், எந்த உயரத்தில் வரும், மேகத்தோடு வருமா, மேகமில்லாமல் வருமா என்பதை நான் சொல்ல வேண்டும்.

எங்கள் திட்ட அறை, வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையில் ஓர் ஆராய்ச்சி வளாகத்தின் முதல் மாடியில் இருந்தது. விமானம் மீனம்பாக்கத்தில் நிற்கும். கப்பல் எங்கோ கடலில். தினமும் காலை எட்டு மணிக்கும் மாலையிலும் கூட்டம். திட்டத்தின் தலைவர் ரகுநாதன் சார் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒல்லியான மனிதர், அரைக்கைச் சட்டை, கையில் பச்சைப் பேனா. சுவரை அடைத்த வெள்ளைப் பலகையின் பக்கத்தில் நின்றுகொண்டே கூட்டத்தை நடத்துவார்.

அவருக்குச் சில விதிகள் இருந்தன. கூட்டத்தில் முதலில் வானிலைக்காரர்தான் பேச வேண்டும். விஞ்ஞானிகள் யாரும் அதற்கு முன்னால் வாய் திறக்கக் கூடாது. ஒருநாள் யாரோ, "இன்னைக்கு எப்படியாவது போயாகணும்" என்று ஆரம்பித்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார். "உங்க ஆசை அவங்க காதுல விழ வேண்டாம். விழுந்தா வானத்தைப் பார்க்க மாட்டாங்க, உங்க மூஞ்சியைப் பார்ப்பாங்க."

இரண்டாவது விதி, 'இருக்கலாம்' என்ற வார்த்தை கிடையாது. நான் பேசி முடித்ததும், "பத்துக்கு எத்தனை?" என்று கேட்பார். அன்று அந்தப் பயணம் நல்லபடியாக நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எண் சொல்ல வேண்டும். அதைப் பலகையில் எழுதுவார். பிறகு உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுதுவார். பாராட்டும் இருக்காது, திட்டும் இருக்காது. எழுதியதை அழிக்கவும் மாட்டார். பயணங்கள் நடக்கும் இரண்டு மாதமும் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் காபி குடிக்க வேண்டும்.

முதல் வருடம் அந்தப் பலகையில் எனக்குக் கிடைத்த அடியை மறக்க முடியாது. செயற்கைக்கோள் படத்தில் கடற்கரையை ஒட்டி அழகான ஒரு பழுப்புத் திட்டு தெரிந்தது. தூசி என்று அடித்துச் சொன்னேன். பத்துக்கு எட்டு. விமானம் போய்விட்டு மத்தியானம் திரும்பியது. காற்றை வடிகட்டும் வெள்ளைத் தாள்களைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். தூசி என்றால் அவை செம்பழுப்பாக இருக்க வேண்டும். அடுப்புக்கரியைத் தேய்த்ததுபோல் கறுப்பாக இருந்தன. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் எரித்த புகை அது. ஒரு முழுப் பயணம் வீண்.

ரகுநாதன் சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கப்பல்ல சூரியனைப் பார்த்து அளக்கிற கருவி இருக்கே, அதோட ரீடிங் கேட்டீங்களா?"

அந்தக் கருவி சொல்லியிருக்கும். தூசி பெரிய துகள், புகை சிறிய துகள். கப்பலில் அதைப் பார்த்துக்கொண்ட ஃபாத்திமாவுக்கு அன்று கடுமையான வாந்தி, படுத்திருக்கிறார் என்றார்கள். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"கேக்கல சார்."

"நாளையிலேருந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டு, என் எட்டுக்குப் பக்கத்தில் 'புகை' என்று எழுதினார். அன்று வீட்டுக்குப் போகும்போது அழுகை வந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒருநாள்கூட நான் கேட்காமல் விட்டதில்லை. ஃபாத்திமாவும், வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாவது அளந்து சொல்லிவிடுவார்.

இனி நிவேதிதா கேட்ட நாள்.

இரண்டாம் வருடத்தின் கடைசி வாரம். விமானத்துக்கு இன்னும் இரண்டே பயணங்களுக்கு அனுமதி பாக்கி. கப்பல் நான்கைந்து நாளில் சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியாக வேண்டும். அந்த வருடம் அதுவரை நல்ல தூசி ஒன்றுகூடச் சிக்கவில்லை. பரணி என்ற விஞ்ஞானிதான் இதில் மிகவும் நொந்துபோயிருந்தார். விமானத்தின் இறக்கைக்குக் கீழே தொங்கும் துகள் எண்ணும் கருவி அவர் சொந்தமாக வடிவமைத்தது. மூன்று வருட உழைப்பு. அது இன்னும் ஒரு முறைகூடப் பெரிய தூசியைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் ராஜஸ்தானில் பெரிய புழுதிப் புயல் கிளம்பியது. இரண்டு நாள் முன்பே நான் கப்பலை வடக்கே, ஆந்திரக் கடலுக்கு நகர்த்தச் சொல்லியிருந்தேன். தூசி ஒடிசாக் கரையைத் தாண்டிக் கடலுக்கு வந்தது. மறுநாள் காலை பத்தரை மணிக்குக் கப்பலின் தலைக்கு மேலேயே அடர்த்தியாக நிற்கும் என்று கணினி சொன்னது. மழை மாலையில்தான், அதுவும் நிலத்தின் மேல்தான் என்றது. இதைவிட நல்ல நாள் அமையாது என்று எல்லார் முகமும் மலர்ந்திருந்தது. யாரோ எல்லாருக்கும் ஜிலேபி வாங்கி வந்துவிட்டார்கள்.

மத்தியானம் கப்பலிலிருந்து விட்ட பலூனின் அளவுகள் வந்தன. அதைப் பார்த்ததும் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். கடலை ஒட்டி ஈரக் காற்று கனமாகத் தேங்கியிருந்தது. அதன் மேல் சூடான, வறண்ட தூசிக் காற்று மூடிபோட்டதுபோல் உட்கார்ந்திருந்தது. பானைக்குள் நீராவி சேர்வதுபோல. அதற்கும் மேலே காற்று வேகமாகிக்கொண்டிருந்தது. மூடி எங்காவது ஓரிடத்தில் திறந்தால் போதும். பழைய நாட்களில் விமானிகளுக்கு வானிலை சொன்னபோது, இப்படிப்பட்ட நாட்களில் ஒடிசாப் பக்கம் உருவாகும் இடிமழை வரிசை நிலத்தோடு நிற்காமல் காலையில் கடலுக்குள் இறங்கியதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கணினி அதை நிலத்திலேயே முடித்துவிட்டது.

கப்பல் தலைவருக்குப் போன் போட்டேன். செபாஸ்டியன் என்று தூத்துக்குடிக்காரர். அதுவரை அவரை நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். கப்பலைக் கண்ணாடிபோல் வைத்துக்கொள்வார், தளத்தில் ஒரு டீக்கறை இருந்தாலும் சத்தம் போடுவார் என்று ஃபாத்திமா சொல்வார்.

"கேப்டன், அங்க எப்படி இருக்கு?"

"காத்து சுத்தமா விழுந்துட்டு மேடம். வேர்த்துக் கொட்டுது. எனக்கு இது பிடிக்கல."

மாலைக் கூட்டத்தில் முதலில் நான்தான் பேச வேண்டும். பேசினேன். "விமானம் தூசிக்குள்ள போகும்போது விமானிக்கு முன்னால எதுவும் தெரியாது. அதுக்குள்ள இடிமேகம் வளர்ந்தா, பக்கத்துல போற வரைக்கும் கண்ணுக்குப் படாது. நாளைக்குக் காலைல கடல் மேல வளரும்னு நினைக்கிறேன். நாளைக்கு வேண்டாம் சார். நாளன்னைக்குப் போகலாம்."

"பத்துக்கு எத்தனை?"

"நாளைக்கு மூணு. நாளன்னைக்கு ஏழு."

பரணி எழுந்துவிட்டார். "நாளன்னைக்குத் தூசி அங்க இருக்குமா மேடம்? மழை பெய்யும்னு நீங்களே சொல்றீங்க. பெஞ்சா எல்லாம் கழுவிட்டுப் போயிடும். அப்புறம் நான் எதைப் போய் எண்ணுறது?"

"கீழ இருக்கிறதைக் கழுவும். மேல இருக்கிறது மிஞ்சும்னு நினைக்கிறேன். கப்பல் அங்கயே இருந்தா மழையைப் பிடிக்கலாம். எவ்வளவு கழுவிச்சுன்னு அந்தத் தண்ணியில தெரியும். அதை இதுவரைக்கும் நாம யாரும் அளந்ததில்ல."

"கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. இப்படிப் பயந்துக்கிட்டே இருக்கிறதுக்கு வீட்லயே உக்காந்திருக்கலாம்."

ரகுநாதன் சார் மூன்று என்று எழுதினார். "கடைசி முடிவு காலைல அஞ்சு மணிக்கு. விமானம் தயாரா இருக்கட்டும். கப்பல் இருக்கிறதும் வர்றதும் கேப்டன் இஷ்டம்" என்றார்.

செபாஸ்டியனிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். காற்று எவ்வளவு வேகத்தில் அடிக்கலாம், எந்தப் பக்கத்திலிருந்து வரும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று. சிறிது யோசித்துவிட்டு, "இதைவிட மோசமா பார்த்திருக்கோம். நிக்கிறோம்" என்றார்.

அதிகாலையில் அலுவலக ஜீப் வந்தது. அறைக்குள் போய்ச் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தேன். கடல் மேல் ஒரு மேகம்கூட இல்லை. நிலத்தின் மேல் நான்கைந்து சின்னத் திட்டுகள், அவ்வளவுதான். பரணி மீனம்பாக்கத்திலிருந்து ஸ்பீக்கர் போனில் இருந்தார். "பார்த்தீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ரகுநாதன் சார் என்னைப் பார்த்தார். "பத்துக்கு எத்தனை?"

உண்மையைச் சொன்னால், நான் தடுமாறினேன். ஏழு என்று சொல்லிவிட்டால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். நல்லபடியாகத் திரும்பிவிட்டால் நானும் மறந்துவிடுவேன். ஆனால் பலூன் சொன்ன ஈரம் எங்கேயும் போகவில்லை. அந்தச் சின்னத் திட்டுகள் கரையை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருந்தன. "நேத்து மூணுன்னேன் சார். இப்ப நாலு. அதுக்கு மேல என்னால சொல்ல முடியல."

"ரத்து" என்றார். விமானி ஜார்ஜ் அதே போனில், "ஓகே சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். பரணி போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நீளமான காலை. ஆறு, ஏழு, எட்டு. வெளியே பளீரென்று வெயில். காற்று வாங்க வராந்தாவுக்கு வந்தேன். ஜீப் டிரைவர் முனுசாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், மேல பளிச்சுன்னு கீது. நீங்க மய வரும்னு பிளேனை நிறுத்திட்டீங்களாமே?"

"இங்க இல்ல முனுசாமி. அங்க, கடல்ல."

"அது சரி. வந்துடும் மேடம், நீங்க சொன்னா வந்துடும்" என்றார். ஆறுதல் சொல்ல நினைத்தார், பாவம். மழை வர வேண்டும் என்று ஒரு வானிலைக்காரி வேண்டிக்கொள்ளலாமா? வேண்டிக்கொண்டேன். அங்கே இருப்பவர்களுக்கு எதுவும் ஆகக் கூடாது என்றும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன்.

ஒன்பதரை மணிப் படத்தில் அந்தத் திட்டுகள் கரையைத் தாண்டியிருந்தன. ஈரக் காற்று கிடைத்ததும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு, வில் வளைந்ததுபோல் ஒரு வரிசையாகிவிட்டன. பத்தேகாலுக்கு ஃபாத்திமா போனில் வந்தார். "மேடம், வடமேற்கே சுவர் மாதிரி ஏதோ வருது. மேல பழுப்பு, கீழ கறுப்பு. எங்களுக்குத் தலைக்கு மேல தூசிதான், ஒண்ணுமே தெரியல, திடீர்னு—" இணைப்பு போய்விட்டது.

இருபது நிமிடம் எந்தச் செய்தியும் இல்லை. ரகுநாதன் சார் அப்போதும் உட்காரவில்லை. நானும் நின்றுகொண்டே இருந்தேன். அந்த இருபது நிமிடத்தில் விமானம் பறந்திருந்தால் எங்கே இருந்திருக்கும் என்று அறையில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. எல்லார் கண்ணும் வரைபடத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டோம். ஃபாத்திமா கத்தினார், பின்னால் மழை இரைந்தது. "மேடம்! எல்லாரும் நல்லா இருக்கோம்! நாலு பிளாஸ்டிக் நாற்காலி பறந்து கடல்ல விழுந்துடுச்சு, அவ்வளவுதான். மழை மழையாவே இல்ல மேடம், பால் ஊத்தின டீ மாதிரி இருக்கு! கேப்டன் சட்டையெல்லாம் புள்ளி புள்ளியா! பாட்டில் பத்தாதுபோல இருக்கு, சமையல்காரர் பாத்திரம் கொண்டு வரார்!"

"பாத்திரம் வேண்டாம், சுத்தமா இருக்காது. பாட்டில்லயே பிடிங்க. ஒவ்வொரு பாட்டில் மேலயும் மணி எழுதுங்க" என்று சொன்னேன்.

மறுநாளுக்கு ஏழு என்று சொன்னதை மாலையில் எட்டாக்கினேன். மழை வரிசை தெற்கே நகர்ந்து அடங்கிவிட்டது. அதன் முதுகுக்குப் பின்னால் உயரத்தில் ஒரு தூசி அடுக்கு மிஞ்சியிருந்ததைக் கப்பலின் லேசர் கருவி காட்டியது. பரணி மாலைக் கூட்டத்துக்கு வந்தார். காலையில் விமானத்தில் ஏறிப் போனார்.

மத்தியானம் மீனம்பாக்கத்திலிருந்து நேராகத் திட்ட அறைக்கு வந்தார். விமான இரைச்சலில் காது அடைத்துப்போயிருந்ததால் உரக்கப் பேசினார், எதிர் அறை ஆட்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "மேடம், கீழ ஒண்ணுமே இல்ல! கண்ணாடி மாதிரி! மூணு கிலோமீட்டருக்கு மேல போனதும் அப்படியே சுவர்ல இடிச்ச மாதிரி தூசி! என் கருவி எண்ணி மாளல!" மடிக்கணினியைத் திறந்து கோட்டைக் காட்டினார். தரையை ஒட்டிக் கிடந்த கோடு, ஒரே தாவலில் மேலே போயிருந்தது. மழை எதைக் கழுவியது என்பது ஃபாத்திமாவின் பாட்டில்களில் இருக்கிறது. எதைக் கழுவவில்லை என்பது பரணியின் கருவியில் இருக்கிறது. இரண்டும் ஒரே மழை. அப்படி ஒரு ஜோடி அளவுகளை யாரும் திட்டம்போட்டு எடுத்ததில்லை.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முந்தாநாள் நான் பேசினது தப்பு. ஜார்ஜ் வழியெல்லாம் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். அவருக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்களாம்."

"உங்க இடத்துல இருந்தா நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்" என்றேன். பொய் இல்லை. அவர் கேட்டதால்தான் நான் என் காரணங்களை இன்னொரு முறை சரிபார்த்தேன்.

நிவேதிதா, உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். கணினி தப்பு, நான் சரி என்று எழுத எனக்கு விருப்பமில்லை. முந்தின வருடம் புகையைத் தூசி என்றவளும் நான்தான். இன்றைய கணினி அந்த மழை வரிசையைக் கடலில் காட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன், அதில் எனக்குச் சந்தோஷம்தான். காட்டினாலும், விமானியிடம் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு அதிலேயே உறுதியாக நிற்க ஓர் ஆள் வேண்டியிருக்கும். அது நீங்கள் என்பதில் எனக்கு நிம்மதி.

கப்பல் சொன்ன நாளில் துறைமுகத்துக்கு வந்தது. நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். ஃபாத்திமா பாட்டில் பெட்டியைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு இறங்கினார், பரணி ஓடிப்போய் வாங்கிக்கொண்டார். ஏணியின் உச்சியில் வெள்ளை உடுப்பில் ஒரு குட்டையான மனிதர் நின்றிருந்தார்.

"எஸ்தர் மேடமா? செபாஸ்டியன். வாங்க, உங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கேன்."

பின்பக்கத் தளத்துக்குக் கூட்டிப்போனார். கப்பல் முழுவதும் கழுவிப் பளபளவென்று இருந்தது. ஒரு மூலையில் மட்டும், ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே தளம் செம்பழுப்பாக இருந்தது. மழைத் துளிகள் விழுந்து காய்ந்த வட்டங்கள்கூட அப்படியே தெரிந்தன.

"நாலு நாளா பசங்க இதைப் பார்த்து முனங்குறாங்க. நீங்க பார்க்காம கழுவக் கூடாதுன்னுட்டேன்."

கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் குனிந்தேன். அத்தனை வருடம் அதை நான் படத்தில் ஒரு நிறமாக, தாளில் ஓர் எண்ணாக மட்டும்தான் பார்த்திருந்தேன். விரலால் தொட்டேன். முகப்பவுடரைவிட மென்மையாக இருந்தது. எங்கோ ஒரு பாலைவனத்தில் யாரோ நடந்த மண், பாதி நாட்டைப் பறந்து கடந்து என் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் மாலுமி ஒருவர் தண்ணீர்க் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கழுவிடலாமா மேடம்?" என்றார் செபாஸ்டியன்.

"ஒரு நிமிஷம் கேப்டன்" என்றேன்.